கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவருக்கு ஒரு பெயர் உண்டு: அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மம்மிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் இயக்குநர்களுக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

விடுமுறைக் கூட்டத்தை இழுப்பதற்காக உங்களில் ஒரு நிறுவனம் இந்த ஆண்டு ஒரு முடிவெடுத்தது. மம்மி இருக்கும் அறையின் வழக்கமான விளக்குகளை அணைத்துவிட்டு சிவப்பு வெளிச்சம் போடுவது, ஒலிபெருக்கியில் உறுமல் சத்தம் வைப்பது, வாசலில் 'சாபத்தின் அறை' என்று பலகை மாட்டுவது. அந்த அறையில் படுத்திருப்பவர் ஒரு பெண். முகத்தைச் சுற்றியிருந்த துணி எப்போதோ விலக்கப்பட்டிருக்கிறது. அவருடைய பெயரும் தாயின் பெயரும் சவப்பெட்டியின் மீதே எழுதப்பட்டுள்ளன. பார்வையாளருக்கான பலகையில் இரண்டும் இல்லை; 'எகிப்திய மம்மி' என்று மட்டும் இருக்கிறது.

எகிப்தியத் தொல்லியலிலும் அருங்காட்சியகப் பொருள்களின் பாதுகாப்பிலும் பணிபுரியும் நாங்கள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மம்மிகளைக் காட்சிக்கே வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் எதை வேண்டி அப்படிப் பதப்படுத்தப்பட்டார்களோ, அதை ஒவ்வொன்றாகக் குலைக்கும் விதத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதே எங்கள் புகார். உலர்ந்திருக்க வேண்டிய உடல் ஈரக்காற்றில் கிடக்கிறது. மூடியிருக்க வேண்டிய முகம் திறந்து கிடக்கிறது. வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டிய பெயரை யாரும் சொல்வதில்லை.

பதப்படுத்தும் அந்த வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் பலகைகளில் பெரும்பாலும் அது ஒரே வரியில் முடிந்துபோகிறது: 'மூளையையும் குடலையும் எடுத்துவிட்டு, உப்புநீரில் ஊறவைத்து, துணி சுற்றினார்கள்.' இந்த ஒரு வரியிலேயே பிழை இருக்கிறது.

எகிப்திய வரலாற்றில் 'புதிய அரசு' எனப்படும் காலத்தில், அதாவது பொ.மு. (கி.மு.) 1550-க்குப் பிறகு, வசதியுள்ள ஒருவர் இறந்தால் நடந்தது இது. உடலை நைலின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அதற்கென்று போட்ட பந்தலில் கழுவுவார்கள். பிறகு பதப்படுத்தும் கூடம். இடது விலாவுக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்குக் கீறல் போட்டு, அதன் வழியே கையை விட்டு இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றை எடுப்பார்கள். உதரவிதானத்தைக் கிழித்து மேலே போய் நுரையீரலையும் எடுப்பார்கள். குடலைத்தான் முதலில் எடுத்தாக வேண்டும். அழுகல் தொடங்குவது அங்கேதான். எகிப்தின் வெயிலில் அதற்கு இரண்டு நாள் போதும். சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். இதயத்தை விட்டுவைப்பது நெறி. எல்லா உடல்களிலும் அந்த நெறி காக்கப்படவில்லை என்பதை இன்றைய ஸ்கேன்கள் காட்டுகின்றன.

மூளைக்கு வேறு வழி. நாசித் துளை வழியே கொக்கி வளைந்த வெண்கலக் கம்பியைச் செலுத்தி, மூக்கின் மேற்கூரையில் இருக்கும் மெல்லிய சல்லடை எலும்பை உடைத்து, மூளையைக் கலக்கிக் கூழாக்கி வெளியே வடியவிடுவார்கள். பிறகு சூடான பிசினை உள்ளே ஊற்றுவார்கள். இதில் கை தவறியதும் உண்டு. குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரிலுள்ள ஒரு பெண்ணின் மண்டையோட்டுக்குள், மூளையெடுக்கப் பயன்பட்ட குச்சி முறிந்து அப்படியே தங்கிவிட்டதை ஸ்கேன் காட்டியது. அதற்கு வெகுமுந்தைய பழைய அரசுக் காலத்தில் (ஏறத்தாழ பொ.மு. 2700 முதல் 2200 வரை) மூளையை எடுக்கும் வழக்கமே பரவலாக இல்லை. ஆகவே 3000 ஆண்டு வழக்கத்தை ஒரே செய்முறையாக எழுதிப் பலகையில் ஒட்டுவது சரியல்ல.

அடுத்தது நேட்ரான். கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றும்போது படியும் உப்பு அது. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் அதில் முக்கியம். கூடவே சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்திருக்கும். இதைக் கரைக்காமல், உலர்ந்த பொடியாகவே பயன்படுத்தினார்கள். கருவாடு போடுகிறவர்கள் மீனின் வயிற்றைப் பிளந்து உப்பை உள்ளே திணித்து வெளியிலும் மூடுவதைப் போல, சிறு துணிப் பொட்டலங்களில் நேட்ரானைக் கட்டி வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் வைத்து, உடலை முழுக்க நேட்ரான் குவியலில் புதைத்தார்கள். கரைசலில் போட்டிருந்தால் தோல் வழன்றிருக்கும், நகங்கள் கழன்றிருக்கும். உலர்த்தும்போதுகூட நகம் கழன்றுவிடாமல் நூலால் கட்டிவைத்தார்கள். 1994-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பாப் பிரையரும் ரோனால்டு வேடும் உடல்தானமாகக் கிடைத்த ஒரு சடலத்தை இந்த முறையிலேயே பதப்படுத்திப் பார்த்தார்கள். 200 கிலோவுக்கும் அதிகமான நேட்ரான் தேவைப்பட்டது. 35 நாளில் உடல் தன் எடையில் பாதிக்கும் மேல் இழந்திருந்தது.

கரைசலே கிடையாது என்றும் சொல்ல முடியாது. கீசாவில் நான்காம் வம்ச அரசி ஹெட்டெஃபெரெஸின் உறுப்புகளை வைத்த ஆலபாஸ்டர் பேழையை 1920-களில் திறந்தபோது, நீர்த்த நேட்ரான் கரைசல் திரவமாகவே உள்ளே இருந்தது. ஆனால் அது உறுப்புகளுக்கு, அதுவும் தொடக்கக் காலத்தில்.

எடுத்த உறுப்புகளைத் தனியே உலர்த்தி, நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். கல்லீரலுக்கு மனிதத் தலை கொண்ட இம்செட்டி காவல், நுரையீரலுக்கு பபூன் குரங்குத் தலையுடன் ஹாப்பி, இரைப்பைக்கு நரித் தலையுடன் டுவாமுடெஃப், குடலுக்கு வல்லூறுத் தலையுடன் கெபெஸெனூஃப். 21-ஆம் வம்சக் காலத்தில் (ஏறத்தாழ பொ.மு. 11, 10-ஆம் நூற்றாண்டுகள்) உறுப்புகளைத் துணியில் சுற்றி உடலுக்குள்ளேயே திருப்பி வைத்தார்கள். ஜாடிகள் வெறும் அடையாளமாக நின்றுபோயின. அந்தக் காலத்தவரின் வெற்று ஜாடிகளுக்கு அருகே 'இதனுள் குடல் இருந்தது' என்று எழுதிவைத்தால் அது பொய்த் தகவல்.

நேட்ரானிலிருந்து வெளியே எடுத்ததும் எண்ணெய், பிசின், தேன்மெழுகு. உட்குழிவை மரத்தூளாலும் துணியாலும் நைல் மண்ணாலும் நிரப்பினார்கள். ஒட்டிய கன்னம் உயிரோடிருந்தபோது இருந்ததுபோல் தெரிய வேண்டுமென்று, 21-ஆம் வம்சத்தவர் தோலுக்கடியிலும் பொருள் திணித்தார்கள். அரசி ஹெனுத்தாவியின் கன்னங்களில் அளவு மீறிப்போய் முகம் வெடித்துவிட்டது. இளவயதில் இறந்த மன்னர் துட்டன்காமுன் விஷயத்தில் நடந்த தவறு பிசினில். வாளி வாளியாக ஊற்றிய பிசின் கெட்டித்து, உடலைத் தங்கப் பெட்டியோடு ஒட்டவைத்துவிட்டது, துணியையும் கரியாக்கிவிட்டது. 1925 நவம்பரில் அவர் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டரின் குழு அந்த உடலைத் துண்டுகளாக வெட்டித்தான் வெளியே எடுத்தது.

பிறகுதான் துணி சுற்றுவது. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே சுற்றி, பிறகு கை கால்கள், பிறகு உடல். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே தாயத்து. தொண்டைக்கருகே நிலைத்திருத்தலைக் குறிக்கும் ஜெட் தூண், கீறல் மீது வல்லூறுத் தெய்வமான ஹோரஸின் கண், இதயத்தின் மேல் பச்சைக்கல் வண்டு. துட்டன்காமுனின் துணிகளுக்குள் 143 பொருள்கள் இருந்தன. பொ.மு. 20-ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த வாஹ் என்ற பண்டகசாலை அதிகாரியைச் சுற்றியிருந்த துணியின் பரப்பு ஏறத்தாழ 375 சதுர மீட்டர். பெரும்பாலும் இவை வீட்டில் உடுத்திக் கிழிந்த துணிகள், படுக்கை விரிப்புகள். ஓரத்தில் மையால் எழுதிய பெயர்களைச் சிலவற்றில் இன்றும் படிக்கலாம். குடும்பத்தார் தங்கள் துணியைக் கிழித்துக் கொடுத்துச் சுற்றி மூடிய உடலைத்தான் நீங்கள் அவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்.

எல்லாம் சேர்த்து 70 நாள். உலர்த்த 35 முதல் 40 நாள், மற்றது கழுவவும் பூசவும் சுற்றவும். சீரியஸ் விண்மீன் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 நாள் வானில் மறைந்திருந்து விடியலில் மீண்டும் எழுவதோடு இந்தக் கணக்கு பொருந்திவருகிறது. மறைந்தவர் மீண்டும் எழுவார் என்பதுதானே அவர்கள் நம்பியதும்.

இந்த வேலைக்கான பொருள்களில் நம் பக்கத்து வாசனையும் உண்டு. மன்னர் இரண்டாம் ராம்சேஸின் நாசியில் மிளகு இருந்தது. அவர் இறந்தது பொ.மு. 1213-இல். மிளகு அன்று விளைந்த இடம் தென்னிந்தியா. கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவில் 2016-இல் கண்டறியப்பட்ட 26-ஆம் வம்சப் பதப்படுத்தும் கூடத்தின் ஜாடிகளை ஆய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். அதில் சாக்கடல் கீலும், மத்தியதரைக் கடலோரத்து ஊசியிலை மரங்களின் எண்ணெயும் மட்டுமல்ல, ஆசிய வெப்பமண்டலக் காடுகளின் டாமர் பிசினும் அகப்பட்டது. நம் குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம் அது. ஒரு சடலத்தைக் காக்க இவ்வளவு தூரத்திலிருந்து பொருள் தருவித்திருக்கிறார்கள்.

எதற்காக இவ்வளவும்? மனிதன் ஒரே உயிரால் ஆனவன் என்று அவர்கள் நினைக்கவில்லை. பிறக்கும்போது கூடவே உண்டாகும் ஆற்றல் 'கா'. இறந்த பிறகும் அதற்கு உணவு வேண்டும். மனிதத் தலையும் பறவை உடலும் கொண்டது 'பா'. பகலில் கல்லறையை விட்டு வெளியே போய்த் திரிந்துவிட்டு, இரவில் தன் உடலைத் தேடித் திரும்பும். திரும்பும்போது உடலை அடையாளம் காண வேண்டும், அதற்காகவே உருவம் கெடாமல் காத்தார்கள். பெயரும் மனிதனின் ஓர் அங்கம். பெயர் அழிந்தால் ஆளே அழிந்தது போல. மன்னர் மூன்றாம் ராம்சேஸைக் கொல்லச் சதி செய்தவர்கள் சிலரை வழக்குச் சுவடியில் சொந்தப் பெயரால் எழுதக்கூட மறுத்து, 'சூரியக் கடவுள் ராவால் வெறுக்கப்படுபவன்' என்று மாற்றி எழுதினார்கள். அவர்களுக்குத் தண்டனையாகக் கொடுத்ததை, ஒரு குற்றமும் செய்யாத பெண்ணுக்கு நீங்கள் பலகையில் செய்திருக்கிறீர்கள்.

'கா'வுக்கு வேண்டிய உணவைப் படைக்கச் சந்ததி என்றும் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கல்லறைச் சுவரில் வழிப்போக்கர்களைக் கூப்பிட்டு எழுதிவைத்தார்கள்: பூமியில் வாழ்பவர்களே, இவ்வழியே போகிறவர்களே, இன்னாரின் 'கா'வுக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை, ஆயிரம் துணி என்று சொல்லுங்கள், உங்களிடம் கேட்பது வாயின் மூச்சு மட்டுமே, அதனால் உங்களுக்குக் களைப்பில்லை. சொன்னாலே போதும், படைத்ததாக ஆகிவிடும் என்பது நம்பிக்கை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர் கடந்துபோகும் இடத்தில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்திருக்கிறீர்கள். ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்ல வழியில்லை.

வாய் திறக்கும் சடங்கும் இந்த நம்பிக்கையைச் சேர்ந்ததே. அடக்கத்தின்போது மம்மியை நிமிர்த்தி நிறுத்தி, சிறு வாய்ச்சியால் உதடுகளைத் தொட்டு, கன்றின் முன்னங்காலை நீட்டி, பேசவும் உண்ணவும் மூச்சுவிடவும் வலிமை கொடுத்தார்கள். துட்டன்காமுனுக்கு இதைச் செய்பவராக அவர் கல்லறைச் சுவரில் வரையப்பட்டிருப்பவர், அடுத்து அரியணையேறிய ஆய். இதற்குப் பிறகு மறுவுலக அரசனான ஓசிரிஸ் தெய்வத்தின் முன்னால் விசாரணை. 42 நீதிபதிகளிடம் 'திருடவில்லை, கொல்லவில்லை, எடையில் ஏமாற்றவில்லை' என்று சொல்ல வேண்டும். தராசின் ஒரு தட்டில் இதயம், மறுதட்டில் உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத்தின் இறகு. இதயமே எதிர்ச்சாட்சி சொல்லிவிடக் கூடாது என்ற வேண்டுதலைத்தான் அந்தப் பச்சைக்கல் வண்டின் அடிப்பக்கத்தில் செதுக்கினார்கள். இதயத்தை வெளியே எடுத்து எடைபோட்டுப் பார்த்தார்கள் என்று சில பலகைகளில் எழுதியிருப்பது தவறு, எடைபோடுவது மறுவுலகில்.

சாபம் பற்றி ஒரு வார்த்தை. துட்டன்காமுனின் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்பார்கள். அந்த அகழாய்வுக்குப் பணம் கொடுத்த லார்டு கார்னார்வன் 1923 ஏப்ரல் 5-இல் இறந்தார். கொசுக்கடி சீழ் பிடித்து, ரத்தத்தில் தொற்று ஏறியதால். கல்லறையைத் திறந்து, உடலைத் தொட்டு, வருடக்கணக்கில் அங்கேயே வேலை செய்த கார்ட்டர் 1939 வரை உயிரோடிருந்தார். எச்சரிக்கைகள் உண்மையில் உண்டு. பழைய அரசுக் காலத் தனியார் கல்லறைகள் சிலவற்றில், தூய்மையின்றி நுழைபவனின் கழுத்தைப் பறவையின் கழுத்தைப் போலப் பிடிப்பேன் என்று இறந்தவரே சொல்வதாக எழுதியிருக்கிறது. அதை அச்சிட்டு விளக்கினால் பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். அரசனோடு வேலைக்காரர்களைப் புதைத்தார்கள் என்பதையும் எல்லாக் காலத்துக்கும் உரியதாக எழுதாதீர்கள். அந்தக் கொடுமை முதல் வம்சத்தில், அபிடோஸில் நடந்தது, அதோடு நின்றுபோனது. பின்னாளில் கல்லறையில் வேலைக்கு வைத்தது உஷப்தி பொம்மைகளை. துட்டன்காமுனோடு 413 பொம்மைகள் வைத்தார்கள். நாளுக்கு ஒன்றாக 365, பத்து பேருக்கு ஒரு மேற்பார்வையாளராக 36, மாதத்துக்கு ஒருவராக 12.

இனி ஈரம். எங்களை அதிகம் கலங்கவைப்பது இதுதான், ஏனென்றால் பெயரை நாளைக்கும் எழுதலாம், கெட்ட உடலைத் திருப்ப முடியாது.

எகிப்தில் பல அரசர்களின் கல்லறைகள் இருக்கும் லக்சரின் மேற்குக் கரையில் மழை என்பது அபூர்வம். அங்கே உலர்ந்த உடலை, மழைக்காலத்தில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் கடலோர நகரங்களில் வைத்திருக்கிறோம். காலை பத்து மணிக்கு ஏ.சி.யைப் போட்டு மாலை ஐந்தரைக்கு அணைப்பது பல இடங்களில் நடக்கிறது. பகலில் 50, இரவில் 80 என்று ஈரப்பதம் தினமும் ஏறி இறங்குகிறது. திசுக்களிலும் துணியிலும் நேட்ரான் இன்னும் தங்கியிருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். பல உப்புகள் கலந்திருந்தால் இன்னும் முன்னதாகவே. காலையில் ஏ.சி. ஓடியதும் அது மீண்டும் படிகமாகிறது. இழைக்குள்ளேயே படிகம் வளர்வதால் துணி பொடிகிறது, தோல் செதில் செதிலாக உரிகிறது. மம்மியின் மேல் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் உடனே பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள். உப்பாக இருக்கலாம், துடைத்தால் தோலும் சேர்ந்து வரும்.

65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சையும் வரும். இரண்டாம் ராம்சேஸுக்கே வந்தது. 1976-இல் பாரிஸுக்குக் கொண்டுபோய், 1977-இல் காமா கதிர் பாய்ச்சித்தான் பூஞ்சையை ஒழித்தார்கள். துணியும் சுண்ணமும் விலங்குப் பசையும் அடுக்கிச் செய்த முகமூடியும் மார்புக் கவசமும் ஈரத்தில் இளகித் தொய்யும். முகமூடியின் மூக்கு உள்ளே அமிழ்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பிறகு பூச்சி. கருவாட்டிலும் கொப்பரையிலும் மொய்க்கும் செங்கால் வண்டும், தோல் வண்டும் மம்மியைத் தின்னும். உடலுக்கடியில் மெல்லிய பழுப்புத் தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் வண்டு இப்போது உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். ஒரு வெள்ளைத் தாளை அடியில் விரித்து வாரம் ஒருமுறை பாருங்கள், வேறு கருவி வேண்டாம். நாப்தலீன் உருண்டை போடாதீர்கள். கசியும் பெட்டியில் வண்டைக் கொல்லும் அளவுக்கு ஆவி நிற்காது, ஊழியர்களுக்குத்தான் கெடுதல். முந்தைய தலைமுறையினர் ஆர்சனிக், பாதரச உப்பு, டி.டி.டி. தெளித்திருக்கவும் கூடும். சோதிக்காமல் வெறுங்கையால் தொடவிடாதீர்கள்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காற்று கசியாத பெட்டி, அதற்குள் 45 சதவீத ஈரப்பதத்துக்குத் தயார்செய்த சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்யும் மணிகள்), கன மீட்டருக்கு 20 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரப் பெட்டிக்கு ஏறத்தாழ 17 கிலோ. பெட்டி கசிந்தால் எவ்வளவு ஜெல் போட்டாலும் வீண், ஆகவே முதலில் ரப்பர் விளிம்புகளைச் சரிசெய்ய வேண்டும். விளக்கு பெட்டிக்குள் இருக்கக் கூடாது. எரியும்போது சூடேறிக் காற்று வெளியேறும், அணையும்போது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) போதும். வசதியிருந்தால், காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டி. ஆக்சிஜனை 0.5 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பூச்சி பிழைக்காது. கெய்ரோவின் அரச மம்மிகளுக்காக அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் வடிவமைத்த முறை இது. ஹைதராபாதிலுள்ள தெலங்கானா மாநில அருங்காட்சியகமும் ஆக்சிஜனற்ற பெட்டிக்கு மாறியிருக்கிறது. சாப அறையின் ஒலிபெருக்கியை எடுத்தாக வேண்டியதும் இந்தக் காரணத்தால்தான். தாழ்ந்த உறுமலின் அதிர்வு பெட்டிக்குள் போகிறது. வண்ணம் உதிரும் நிலையிலிருக்கும் சவப்பெட்டி அதைத் தாங்காது.

உங்கள் ஊழியர்கள் அக்கறையற்றவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, கண்ணாடியை உடைத்து துது என்ற பெண்ணின் உடலைத் தூக்கி நனையாமல் காப்பாற்றியவர்கள் அங்கிருந்த ஊழியர்கள். அந்த அக்கறைக்கு ஏற்ற விதிகளை எழுதித் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. மாதிரிக்கு எகிப்தையே பார்க்கலாம். 1980-இல் அதிபர் சதாத் கெய்ரோ அருங்காட்சியகத்தின் அரச மம்மி அறையை மூடினார். 1994-இல் புதிய பெட்டிகளோடு திறந்தார்கள். 2021 ஏப்ரல் 3-இல் 22 அரச உடல்களை அரச மரியாதையோடு ஊர்வலமாக கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கூடத்தில் படம் எடுக்க அனுமதியில்லை. கூட்டம் குறைந்துவிடும் என்ற பயத்தால் தயங்குகிறீர்கள் என்றால், அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது:

சாப அறையை உடனே கலையுங்கள். சிவப்பு விளக்கு, ஒலிபெருக்கி, பலகை மூன்றும் போக வேண்டும்.

ஒவ்வொரு மம்மியின் முன்னும் அவருடைய பெயரை, உள்ளூர் எழுத்தில், உச்சரிக்கும் விதத்தோடு பெரிதாக எழுதுங்கள். தாய் தந்தை பெயர், தொழில், ஊர், காலம் அடுத்து வரட்டும். பெயர் தெரியாதவருக்கு 'பெயர் தெரியாத பெண், இன்ன வயதினர்' என்று எழுதுங்கள். 'ஓர் இளவரசி' என்று ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். கீழே அந்த ஆயிரம் ரொட்டி வாசகத்தை, வருகிறவர்கள் வாய்விட்டுப் படிக்கும்படி அச்சிடுங்கள்.

அவிழ்க்கப்பட்ட முகத்தையும் உடலையும் அமிலமற்ற, சாயமில்லாத லினன் துணியால் போர்த்துங்கள். போர்த்தும் துணி உடலில் அழுந்தாமல் தாங்கிகள் மேல் நிற்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட ஸ்கேன் படங்களைப் பக்கத்தில் வையுங்கள். 2012-இல் மூன்றாம் ராம்சேஸின் கழுத்து அறுக்கப்பட்டிருந்ததையும், அந்தக் காயத்துக்குள் ஹோரஸின் கண் தாயத்து வைக்கப்பட்டிருந்ததையும் துணியை அவிழ்க்காமலேயே ஸ்கேனில் கண்டார்கள். இனி எந்த மம்மியையும் அவிழ்க்கக் கூடாது. செல்ஃபியைத் தடை செய்யுங்கள்.

பழைய அரசுக்கும் புதிய அரசுக்கும் இடைப்பட்ட, எகிப்தின் 'மத்திய அரசு'க் காலச் சவப்பெட்டிகளின் இடப்பக்கத்தில் வரைந்த இரு கண்கள் உள்ளிருப்பவர் சூரிய உதயத்தைப் பார்ப்பதற்காக. அத்தகைய பெட்டியைச் சுவரைப் பார்த்தபடி வைத்திருந்தால், கண்கள் கிழக்கு நோக்கும்படி திருப்பி வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. நான்கு ஆட்களும் பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளரும் போதும்.

ஈரப்பதத்தை 24 மணி நேரமும் 40-க்கும் 50-க்கும் இடையில் வைத்து, மணிக்கொரு முறை பதிவு செய்து, அந்தப் பதிவை மாதந்தோறும் பொதுவில் வெளியிடுங்கள். வெள்ளம் வந்தால் யார், எந்த வழியாக, எந்தத் தளத்துக்குத் தூக்குவது என்பதை எழுதிப் பயிற்சி கொடுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் மம்மிகளை மேலே மாற்றுங்கள்.

மம்மியாக இருக்கும் ஒவ்வொருவரும் உங்களிடம் எப்படி வந்தார், யார் விற்றார், எந்த ஆண்டு என்ற ஆவணங்களை வெளியிட்டு, எகிப்தியத் தொல்பொருள் அதிகாரிகளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். திருப்பிக் கேட்டால் பேசத் தயாராக இருங்கள். முதலாம் ராம்சேஸ் என்று கருதப்படும் உடலை அட்லாண்டாவின் மைக்கேல் கார்லோஸ் அருங்காட்சியகம் 2003-இல் எகிப்துக்கே திருப்பிக் கொடுத்தது.

இவற்றில் எதை எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். முதல் இரண்டுக்கும் நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு வாரம் போதும். ஈரப்பதத்துக்கான ஏற்பாடுகள் வரும் பருவமழைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பெட்டி அளவு, ஜெல் கணக்கு, பலகைகளுக்கான வாசகம், பெயர்களைப் படித்துத் தருவது ஆகியவற்றில் கட்டணமின்றி உதவ நாங்கள் தயார்.

இப்படிக்கு,
எகிப்தியத் தொல்லியலிலும் அருங்காட்சியகப் பாதுகாப்பிலும் பணிபுரிவோர்